நன்னெறிப் பாடவேளை: உதவி பெறும் பள்ளி எந்த வழியைத் தேர்வது?

ஜூன் மாதம் கால அட்டவணை போட உட்காரும் ஒவ்வோர் அரசு உதவி பெறும் பள்ளியிலும் வாரத்தில் ஒரு பாடவேளை இழுபறியாகும். கத்தோலிக்க நிர்வாகம் அதை மறைக்கல்வி என்று எழுதும். இஸ்லாமிய நிர்வாகம் தீனியாத் என்று எழுதும். வேறு சில பள்ளிகளில் நீதிபோதனை என்று இருக்கும். கணக்கு ஆசிரியரோ பத்தாம் வகுப்புக்கு அந்த நேரத்தைத் தனக்குக் கேட்பார். 40 நிமிடம்தானே என்று யாருக்காவது விட்டுக்கொடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நேரம் எவ்வளவு சிறியது என்று தெரியும். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஆண்டில் 220 வேலை நாள், 1000 மணி நேரக் கற்பித்தல் என்கிறது. வாரம் ஒரு பாடவேளை என்றால் தேர்வு, விழா எல்லாம் போக 35 வகுப்பு தேறும். மொத்தம் 23 மணி நேரம். இவ்வளவு குறைந்த நேரத்தில் நான்கு வேலைகளைச் செய்ய முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன. பிள்ளைகளை மதவாரியாகப் பிரித்து அவரவர் சமயத்தைக் கற்பிப்பது. மதம் சாராத தனிப் பாடமாக நீதிபோதனை நடத்துவது. எல்லா மதங்களையும் பற்றிய அறிவைப் பாடமாகத் தருவது. வகுப்பாசிரியர் நடத்தும் கலந்துரையாடலாக வைப்பது. நான்கையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: அந்த வகுப்பில் சேராத பிள்ளை அந்த 40 நிமிடமும் எங்கே உட்கார்ந்திருக்கும்? பெரும்பான்மைக்கு எது பிடிக்கும் என்று தொடங்கும் நிர்வாகக் கூட்டங்கள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வதே இல்லை.

சட்டம் போடும் கோடு

அரசியலமைப்பின் 28ஆம் பிரிவுக்கு மூன்று உட்பிரிவுகள். முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்பது முதலாவது. அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி எல்லாம் இதில் அடங்கும். அங்கே அத்தனை பெற்றோரும் எழுதிக் கொடுத்தாலும் தடை நீங்காது. அரசு நிர்வகித்தாலும், மத போதனை தரவேண்டும் என்ற நிபந்தனையுள்ள அறக்கட்டளையால் நிறுவப்பட்ட பள்ளிக்கு இரண்டாவது உட்பிரிவு விலக்குத் தருகிறது. தங்கள் பள்ளி அப்படிப்பட்டது என்று யாராவது சொன்னால் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்துப் படித்துவிட்டே மேலே பேச வேண்டும்.

உதவி பெறும் பள்ளிக்கு மூன்றாவதுதான் உயிர்நாடி. அரசின் அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில், தானோ, வயது வராதவர் என்றால் காப்பாளரோ ஒப்புதல் தராத எந்த மாணவரையும் மத போதனையில் சேரவோ வழிபாட்டில் கலந்துகொள்ளவோ கட்டாயப்படுத்தக் கூடாது. அங்கீகாரம் மட்டும் பெற்ற சுயநிதிப் பள்ளியும் இதற்குள் வருகிறது. ‘நாங்கள் சிறுபான்மைப் பள்ளி, எங்களுக்கு 30ஆம் பிரிவு இருக்கிறது’ என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. சிறுபான்மையினர் பள்ளி நிறுவி நடத்த இடம் தரும் 30ஆம் பிரிவு நிர்வாகத்தின் உரிமை. 28(3) பிள்ளையின் உரிமை. வழிபாடு என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு மதத்தின் செபமோ துதியோ சொல்ல வைத்தால், வகுப்பறைக்கு வெளியே நடக்கிறது என்பதற்காக அது விதிவிலக்காகாது.

மதத்தைப் பற்றிப் படிப்பதற்கு மட்டும் எங்கேயும் தடை இல்லை. குருநானக்கின் வாழ்க்கையையும் போதனைகளையும் ஆராய்ச்சியாகப் படிப்பது மத போதனை ஆகாது என்று 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை எதிர்த்துச் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராய் தொடுத்த வழக்கில் 2002இல் வந்த தீர்ப்பும் அதே கோட்டைத்தான் போட்டது. வழிபாட்டு முறையையும் நம்பிக்கையையும் புகட்டுவது வேறு, சமயங்களை அறிவது வேறு.

மதவாரியாகப் பிரிப்பது

இந்த வழியை முழுமையாக நடத்தும் நாடு இலங்கை. அங்கே அரசுப் பள்ளியில் சமயம் கட்டாயப் பாடம். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், பிற கிறிஸ்தவம் எனத் தனித்தனிப் பாடநூல்களை அரசே இலவசமாக அச்சிட்டுத் தருகிறது. பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பொதுத் தேர்விலும் அது கட்டாயப் பாடங்களில் ஒன்று. பிள்ளைக்குப் பெற்றோரின் சமயத்தையே கற்பிக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1939ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டக் காலத்திலிருந்து வருவது. பள்ளிக்கூடம் மதமாற்றத்துக்கான இடமாகிவிட்டது என்ற அச்சத்தில்தான் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கினார். அந்த அச்சத்துக்கான பதிலாக இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் அதன் நியாயம் புரியும்.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குத் தேவாரப் பதிகத்தின் பொருள் பள்ளியிலேயே கிடைக்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர், ஒழுங்கான பாடத்திட்டம், ஆண்டுக்காண்டு கூடும் ஆழம் எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் எந்த நன்னெறி வகுப்புக்கும் இவ்வளவு உழைப்பு போடப்படவில்லை.

குறைகள் எண்ணிக்கையில் தொடங்குகின்றன. 40 பேர் கொண்ட ஒரு பிரிவில் 24 இந்துக்கள், 11 கிறிஸ்தவர்கள், 5 இஸ்லாமியர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று அறை, மூன்று ஆசிரியர் வேண்டும். கிறிஸ்தவர்களுக்குள் கத்தோலிக்கரையும் சீர்திருத்தச் சபையினரையும் பிரித்தால் நான்கு. ஒரு வகுப்பின் எல்லாப் பிரிவுகளையும் ஒரே நேரத்தில் கலைத்துச் சேர்த்தால்தான் ஆள் போதும். அப்படிச் செய்தால் பள்ளியின் அட்டவணை முழுவதும் அந்த ஒரு பாடவேளையைச் சுற்றியே கட்டப்படும். ஆசிரியர் கிடைக்காத சிறு குழு வேறு வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்காரும். எந்த மதமும் வேண்டாம் என்னும் குடும்பத்துப் பிள்ளைக்கு அறையே இல்லை.

சம்பளமும் ஒரு சிக்கல். உதவி பெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடத்தின் ஆசிரியருக்கு ஊதியம் அரசிடமிருந்து வருகிறது. அவர் அலுவல் நேரத்தில் மறைக்கல்வி எடுத்தால் பொதுப் பணத்தில் ஒரு சபையின் போதனை நடக்கிறது என்றாகும். மலேசியாவின் 1996 கல்விச் சட்டம் இதைப் பச்சையாகவே எழுதி வைத்திருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இஸ்லாம் அல்லாத சமயப் போதனையை நடத்தலாம்; ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் நடத்தக் கூடாது, வேறு சமயத்துப் பிள்ளை அதில் சேரப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வேண்டும்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை சிங்கப்பூரிடமிருந்து கிடைக்கிறது. 1984 முதல் உயர்நிலை 3, 4 மாணவர்களுக்குச் சமய அறிவு கட்டாயமாக்கப்பட்டது. விவிலியம், பௌத்தம், இஸ்லாம், இந்து சமயம், சீக்கியம், உலகச் சமயங்கள், கன்ஃபூசிய நெறி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒழுக்கம் வளரும் என்று நம்பித்தான் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் சமய வேகம் கூடுவதாகவும் பிரிவுணர்வு கூர்மையாவதாகவும் அரசே நடத்திய ஆய்வுகள் காட்டின. 1989இல் கட்டாயத்தைக் கைவிட முடிவெடுத்தார்கள். 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது. சமயங்களைச் சமமாக நடத்தியும், தேர்வு செய்யும் உரிமையைக் கொடுத்தும், நல்ல நூல்கள் எழுதியும் செய்த முயற்சி அது. அப்படியும் பிள்ளைகளை மதவாரியாக அறைக்கு அறை அனுப்புவதே ஒரு பாடமாகிவிட்டது.

தனிப் பாடமாக நீதிபோதனை

மலேசியாவில் இஸ்லாமிய மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. தமிழ்ப் பள்ளிகளிலும் அதே பெயரில் அந்தப் பாடம் நடக்கிறது. இஸ்லாமியப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தாலே வாரம் இரண்டு மணி நேரமாவது சமயக் கல்வி தரவேண்டும் என்று சட்டம் சொல்வதால், அதே நேரத்தை நிரப்ப மற்றவர்களுக்கு ஒரு பாடம் தேவைப்பட்டது.

பாடம் என்றதும் தேர்வு வந்தது. பள்ளி இறுதியில் எழுதும் எஸ்பிஎம் பொதுத் தேர்வுக்கு நீண்ட காலம் 36 நற்பண்புகளையும் அவற்றின் வரையறைகளையும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. ‘நேர்மை’ என்பதன் வரையறையை எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவர் அதே தேர்வில் பார்த்தெழுதவும் கூடும். இரண்டுக்கும் இடையே பாடம் எந்த இணைப்பையும் உண்டாக்கவில்லை. ஆசிரியர்கள் சோம்பேறிகளாக இருந்ததால் இப்படி ஆகவில்லை. ஒழுக்கத்தைத் தாளில் திருத்த வேண்டுமானால், திருத்தக்கூடிய ஒரே பொருள் வரையறைதான்.

தமிழ்நாட்டில் நேர்மாறான கோளாறு. மதிப்பெண் இல்லை, பாடத்திட்டம் இல்லை, யார் பொறுப்பு என்றும் இல்லை. அட்டவணையில் எழுதப்பட்ட நீதிபோதனை வகுப்பு அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது கணக்கு வகுப்பாகிவிடும். எஞ்சிய நாட்களில் ஆசிரியர் ஒரு கதை சொல்லி, ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று கேட்பார். பிள்ளைகள் எதிர்பார்க்கப்படும் பதிலைச் சொல்லிவிட்டுக் கலைவார்கள்.

திருக்குறளுக்கும் இந்த நிலை வராமல் காக்க வேண்டும். 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குறளின் முதல் இரண்டு பால்களை 6 முதல் 12 வரை கற்பிக்க உத்தரவிட்டது. மத முத்திரை இல்லாத அறநூல் என்பதால் எல்லா வகைப் பள்ளியும் தயங்காமல் கையாளலாம். ஆனால் ஒப்புவித்தல் போட்டியோடு நின்றால் மலேசியாவின் 36 வரையறைக்குப் பதில் 1080 குறள் என்றாகிவிடும். வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்கிறது. ‘அப்படியென்றால் எது குற்றமற்ற நன்மை? யார் முடிவு செய்வது?’ என்று எட்டாம் வகுப்பில் கேட்டுவிட்டால் 40 நிமிடம் போதாது.

சமயங்களைப் பற்றிய கல்வி

மதக் கல்வி வேறு, மதங்களைப் பற்றிய கல்வி வேறு என்று மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு (1964-66) தெளிவாகப் பிரித்தது. இரண்டாவதைத்தான் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. அறநெறிக்காக வாரம் ஓரிரு பாடவேளை ஒதுக்கலாம் என்றும் சொன்னது.

இங்கிலாந்து இந்தப் பாதையில் நெடுந்தூரம் போயிருக்கிறது. 1944 சட்டம் அரசுப் பள்ளிகளில் சமயக் கல்வியையும் அன்றாட வழிபாட்டையும் கட்டாயமாக்கியது. 1988 சட்டம், நாட்டின் மரபு பெரும்பாலும் கிறிஸ்தவம் என்பதை ஏற்றுக்கொண்டு, மற்ற முக்கிய மதங்களின் போதனைகளும் நடைமுறைகளும் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்றது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பாடத்திட்டம் உருவாகும் முறை. உள்ளூர் அளவில் சபைகள், பிற சமயப் பிரதிநிதிகள், ஆசிரியர் சங்கங்கள், உள்ளாட்சி ஆகியோர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒத்துக்கொண்டால்தான் அது பாடத்திட்டமாகும். பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு. சிலர் இஸ்லாம் பாடத்துக்கு மட்டும், அல்லது பள்ளிவாசலைப் பார்க்கப் போகும் நாளில் மட்டும் பிள்ளையை நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது அங்குள்ள தலைமையாசிரியர்களின் கவலை.

நம் ஊரில் இதை வைத்தால் மூன்று இடங்களில் தடுமாறும். ஆசிரியருக்குத் தன் சமயம் தெரியும், அடுத்ததைப் பற்றிப் பண்டிகை அளவில்தான் தெரியும். அதனால் பாடம் பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் பலகாரங்களோடு முடியும். இரண்டாவது, ‘எல்லா மதமும் ஒன்றையே சொல்கின்றன’ என்ற வாக்கியம். அது மரியாதையாகத் தோன்றும், ஆனால் பொய். முகம்மது நபி இறுதித் தூதர் என்பதும், கிறிஸ்து இறைமகன் என்பதும், சமணத்தில் படைக்கும் கடவுள் இல்லை என்பதும் ஒன்றல்ல. வேறுபாட்டை மறைத்துவிட்டால் பிள்ளை அதை வேறெங்காவது கசப்போடு கற்றுக்கொள்ளும். மூன்றாவது, ‘நாம்’ ‘அவர்கள்’ என்ற பேச்சு. ‘இஸ்லாமியர்கள் ஐந்து வேளை தொழ வேண்டும் என்று நம்புகிறார்கள்’ என்று எழுதலாம். ‘நாம் கோயிலுக்குப் போவதுபோல அவர்கள்’ என்று எழுதினால் அந்த வகுப்பின் ஐந்து பிள்ளைகள் வெளியே தள்ளப்பட்டுவிட்டார்கள்.

எட்டாம் வகுப்புக்குக் கீழே இதைத் தனியாக வைப்பதில் பயன் குறைவு. 8, 9ஆம் வகுப்புகளில் சமூக அறிவியலோடு சேர்த்து, ஆண்டுக்கு 6 முதல் 8 பாடவேளை போதும்.

வகுப்பாசிரியரின் கலந்துரையாடல்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலினப் பள்ளி மாணவரையும் தடுக்க வந்த தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது அதன் பரிந்துரைகளில் ஒன்று. தமிழ்நாட்டுப் பள்ளியில் அறக் கல்வியின் முதல் கேள்வி இதுதான் என்று நாங்கள் உறுதியாகச் சொல்வோம். மதவாரி வகுப்பு இதைத் தொடாது, ஏனென்றால் ஒரே அறையில் இருக்கும் ஒரே மதத்துப் பிள்ளைகளுக்குள்தான் இந்தக் கோடு ஓடுகிறது. நற்பண்புப் பட்டியலில் ‘சமத்துவம்’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு அதே மாணவர் கயிற்றைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போவார்.

எங்கள் தேர்வு இந்த நான்காவது வழி. யாரும் விலக வேண்டிய தேவையே எழாத ஒரே வழி இதுதான். 40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: 5 நிமிடம் ஒரு சூழ்நிலையை வாசிப்பது, 10 நிமிடம் இருவர் இருவராகப் பேசுவது, 15 நிமிடம் வகுப்பு முழுக்கப் பேசுவது, கடைசி 10 நிமிடம் ஒவ்வொருவரும் ‘நான் என்ன செய்வேன், ஏன்’ என்று நான்கைந்து வரி எழுதுவது. எழுதியதற்கு மதிப்பெண் இல்லை. ஆசிரியர் படித்துவிட்டுத் திருப்பித் தருவார்.

சூழ்நிலை வேறு ஊரில், வேறு பள்ளியில் நடப்பதாக இருக்க வேண்டும். ‘விளையாட்டு முடிந்து எல்லாரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறார்கள். ஒருவன் குடித்ததும் அடுத்தவன் வாங்க மறுக்கிறான். நீ மூன்றாமவன்.’ இவ்வளவு போதும். வகுப்பில் யார் எந்தச் சாதி என்று எந்த இடத்திலும் கேட்கக் கூடாது. உண்மையில் அந்த வாரம் நடந்த சண்டையை எடுத்துப் பேசினால், வகுப்பு அன்றைக்கே பஞ்சாயத்தாகிவிடும்.

இந்த வகுப்பைக் கெடுப்பது பெரும்பாலும் ஆசிரியரின் முதல் வாக்கியமோ கடைசி வாக்கியமோதான். முதலிலேயே தன் கருத்தைச் சொன்னால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்கள். கடைசியில் நீதி சொல்லி முடித்தால், அடுத்த வாரம் அந்த நீதிக்காகவே காத்திருப்பார்கள். ஆனால் ஒரு பிள்ளை இழிவான சொல்லைப் பயன்படுத்தினால் உடனே நிறுத்த வேண்டும். அங்கே நடுநிலை கிடையாது.

இன்னொன்றுக்கு ஆசிரியர் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். மனம்விட்டுப் பேசும் வகுப்பில் ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லிவிடலாம். வகுப்பின் நடுவே விசாரிக்கக் கூடாது. பேச்சை மெல்ல நகர்த்திவிட்டு, பிறகு தனியே கேட்க வேண்டும். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆகவேண்டும். குடும்ப மானம், பள்ளியின் பெயர் எதுவும் காரணமாகாது. 1098, 14417 ஆகிய உதவி எண்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கட்டும்.

மத வகுப்பும் வேண்டும் என்றால்

நிறுவனத்தின் சமய அடையாளம் உண்மையானது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. உயர்நிலைக் கல்விக்கான முதலியார் குழு (1952-53) சொன்ன ஏற்பாடு இன்றும் சரியாக இருக்கிறது: பள்ளி நேரத்துக்கு வெளியே, அந்தந்தச் சமயப் பிள்ளைகளுக்கு மட்டும், பெற்றோரின் சம்மதத்தோடு. பிரான்சு 1882இல் மத போதனையைப் பள்ளியிலிருந்து எடுத்தபோதும், பெற்றோர் விரும்பினால் வெளியே கற்பிக்க வாரத்தில் ஒரு நாளை ஓய்வாக விட்டது. மறைக்கல்வியையோ தீனியாத்தையோ மாலை கடைசி மணிக்குப் பிறகு, நிர்வாகத்தின் சொந்தச் செலவில், அரசு ஊதியம் பெறாதவரைக் கொண்டு நடத்தினால் பெரும்பாலான சிக்கல்கள் எழாது.

ஒப்புதல் படிவத்தைச் சேர்க்கை விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். இடம் கிடைக்குமா என்ற பதற்றத்தில் பெற்றோர் எதிலும் கையெழுத்திடுவார்கள், அது ஒப்புதலாகாது. சேர்க்கை முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தனித்தாளாக, தமிழில் கொடுங்கள். ‘என் பிள்ளை சேர வேண்டும்’ என்று எழுதியவர் மட்டும் சேரட்டும். தாள் திரும்பி வராவிட்டால் சேரவில்லை என்றே பொருள். எந்த நாளும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்ற வரி இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். மாற்றுச் சான்றிதழின் மதப் பகுதியைப் பார்த்துப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கக் கூடாது. சாதி, மதப் பகுதிகளைக் காலியாக விடத் தமிழ்நாட்டில் 1973 முதலே அரசாணை உண்டு. நிரப்பியிருந்தாலும் அது ஒப்புதல் அல்ல.

வெளியிலிருந்து பேச்சாளர்களை அழைப்பதைப் பொறுத்தவரை ஒரே ஒரு நிகழ்வைச் சொன்னால் போதும். 2024இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்கு ஊக்க உரைக்காக வந்தவர், உடல் குறைபாடு முற்பிறவிப் பாவத்தால் வருவது என்ற பொருளில் பேசினார். பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்தார். பேச்சாளர் கைது செய்யப்பட்டார். யாராக இருந்தாலும் உரையை எழுத்தில் ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். அரங்கில் உரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஓர் ஆசிரியருக்கு முன்கூட்டியே தரப்பட்டிருக்க வேண்டும்.

அட்டவணையில் இந்தப் பாடவேளையை வெள்ளிக்கிழமை கடைசியில் வைக்காதீர்கள்; வாரத்தின் நடுவில், இரண்டாவது அல்லது மூன்றாவது பாடவேளையாக, வகுப்பாசிரியர் பெயரில் எழுதுங்கள். நடந்த வகுப்புகளுக்குத் தேதியும் சூழ்நிலையும் குறித்த பதிவேடு ஒன்று இருக்கட்டும். ஏப்ரலில் அதை எண்ணிப் பாருங்கள். 35இல் 25கூட நடக்கவில்லை என்றால், பாடப்பொருளை மாற்றுவதற்கு முன் அந்த நேரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கண்டுபிடித்து, அடுத்த ஜூனுக்கு அட்டவணையில் இடத்தை மாற்றுங்கள்.